புதுச்சேரியில் ஈஸ்டர்: திருநீற்றுப் புதன் முதல் ஞாயிறு விருந்து வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்கில், அதாவது நம் கோவில் வட்டாரத்தில், குருத்தோலை கட்டுவது, பூ அலங்காரம், முட்டை அவிப்பது என்று ஏதாவது ஒரு வேலையில் இருப்பவர்களிடம் வருடா வருடம் இதே சந்தேகங்கள் வரும். கேட்பவர்கள்தான் மாறுவார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள், எதிர்வீட்டு அக்கா, ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். புதுச்சேரி, கடலூர் பக்கம் கத்தோலிக்கர் அதிகம் என்பதால் அந்த வழக்கத்தை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். மற்ற சபைகளுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

ஈஸ்டர்னா என்ன? கிறிஸ்துமஸ் மாதிரி இன்னொரு பண்டிகைதானே?

சிலுவையில் இறந்த இயேசு மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்பதைக் கொண்டாடும் நாள். வாரத்தின் முதல் நாள் விடியலில் கல்லறைக்குப் போன பெண்கள், அது திறந்து கிடப்பதைக் கண்டார்கள் என்கிறது நற்செய்தி. கோவிலில் இதை உயிர்ப்புப் பெருவிழா என்பார்கள், பெரியவர்கள் பாஸ்கு என்பார்கள், வீட்டில் நமக்கு ஈஸ்டர்.

ஊருக்குள் ஸ்டாரும் குடிலும் கேக்குமாகக் கிறிஸ்துமஸ்தான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் திருச்சபையின் ஆண்டில் முதலிடம் ஈஸ்டருக்குத்தான். உயிர்ப்பு இல்லாவிட்டால் விசுவாசமே வீண் என்று பவுல் எழுதியிருக்கிறார். இந்த விழாவைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய நாற்பது நாட்களையும், அதாவது தவக்காலத்தையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழே வருகிற முட்டை, ஆட்டுக்கறி, மெழுகுதிரி எல்லாவற்றுக்கும் அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.

வருஷா வருஷம் தேதி மாறுதே, யார் முடிவு பண்றாங்க?

நிலா. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிறாக இருந்தால் அதற்கு அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது. எல்லோரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று 325-இல் ஆயர்கள் கூடிய நிக்கேயா சங்கம் முடிவு செய்தது. யூதர்களின் பாஸ்கா விழாவை ஒட்டி இயேசு இறந்ததால்தான் இந்த நிலாக் கணக்கு.

2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28, 2028-இல் ஏப்ரல் 16. கீழைத் திருச்சபைகள் பலவும் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணக்கிடுவதால் அவர்களுடைய தேதி பல வருடங்களில் தள்ளிப்போகும். சில வருடங்களில் ஒன்றாகவும் வரும், 2025-இல் இரண்டும் ஏப்ரல் 20 அன்று வந்தன.

நாற்பது நாள் தவக்காலம்ங்கறீங்க. காலண்டர்ல எண்ணினா நாற்பத்தாறு வருதே?

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை 46 நாள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்ப்பின் நாள், அதனால் அது நோன்பு நாளாகாது. இயேசு பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்ததை நினைத்துத்தான் இந்தக் கணக்கு.

அடுத்த கேள்வி உடனே வரும்: “அப்போ ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடலாமா?” சட்டப்படி தடையில்லை. ஆனால் நம் பக்கத்தில் நாற்பது நாளும் கவிச்சி வேண்டாம் என்று நேர்ந்துகொண்ட வீடுகளில் ஞாயிறும் சேர்த்தேதான் விடுகிறார்கள். நேர்ந்துகொள்ளும்போதே இதை முடிவு செய்துகொள்வது நல்லது. நடுவில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் மனசு சாப்பாட்டிலேயே நிற்கும்.

மீன், முட்டை சாப்பிடலாமா? அம்மா கூடாதுங்கறாங்க, ஃபாதர் பரவாயில்லைங்கறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஃபாதர் சொல்வது திருச்சபைச் சட்டம்: திருநீற்றுப் புதனும், இயேசு இறந்த பெரிய வெள்ளியும் நோன்பு நாட்கள், அதாவது ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் கொஞ்சமாக. 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறையும்வரை இது பொருந்தும். அந்த இரண்டு நாளும், தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும், 14 வயது நிறைந்த எல்லோரும் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். மீன், முட்டை, பால் இறைச்சிக் கணக்கில் வராது. நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு நோன்புக் கட்டாயம் இல்லை.

அம்மா சொல்வது நம் ஊர் வழக்கம். இங்கே விரதம் என்றாலே மீனும் முட்டையும் சேர்ந்தே போய்விடும். பழைய காலத்தில் ஐரோப்பாவிலும் முட்டையும் பாலும் தவக்காலத்தில் விலக்கப்பட்டவைதான். என் கருத்து: மட்டனை விட்டுவிட்டு வஞ்சிரமும் இறாலுமாக வெள்ளிக்கிழமையை விருந்தாக்குவதைவிட அம்மாவின் வழி மேல். மிச்சமாகும் பணம் இல்லாதவர்களுக்குப் போக வேண்டும். நோன்பு, ஜெபம், தர்மம் மூன்றும் சேர்ந்ததுதான் தவக்காலம்.

தவக்காலத்துல கல்யாணம், நிச்சயதார்த்தம் வைக்கக் கூடாதா?

நம் பங்குகளில் தவக்காலத்தில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். ஆனால் பெரிய வெள்ளியும் புனித சனியும் எந்தக் காரணத்துக்காகவும் கிடையாது. நிச்சயத்தையும் ஈஸ்டர் முடிந்து வைத்தால் உறவுக்காரர்கள் மனநிறைவோடு சாப்பிட்டுப் போவார்கள்.

குருத்தோலையில சிலுவை மடிக்கத் தெரியல, சொல்லித் தருவீங்களா?

இயேசு எருசலேமுக்குள் வந்தபோது மக்கள் பேரீச்ச ஓலை பிடித்து வரவேற்றார்கள், அதை நினைப்பதுதான் ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறு. நம்மிடம் தென்னங்குருத்து. வெளிர் மஞ்சளாக, மெழுகு பூசியதுபோல் இருக்கும் இளங்குருத்துதான் மடிய வரும். பச்சை ஏறிவிட்டால் மடிக்கும் இடத்தில் வெடித்துவிடும். குருத்தோலை ஞாயிறு காலையில் கையில் வாங்கியதும், பவனி முடியும்வரை அடிப்பகுதியை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஒரு முழ நீளத்தில் ஒரு கீற்று, அதில் பாதி நீளத்தில் இன்னொன்று, மெல்லியதாக மூன்றாவது ஒன்று எடுங்கள். நீளக் கீற்றை இரண்டாக மடித்தால் அது நெடுக்குத் தண்டு. சின்னக் கீற்றையும் இரண்டாக மடித்து, தண்டின் இரண்டு மடிப்புக்கும் நடுவே குறுக்காகச் செருகுங்கள், மேல்பகுதி குட்டையாக இருக்கட்டும். மெல்லிய கீற்றை நடுவில் கோணலாக ஒரு சுற்று, எதிர்க் கோணத்தில் ஒரு சுற்று சுற்றி, நுனியைப் பின்பக்கம் செருகி இழுங்கள். முன்னால் பெருக்கல் குறிபோலத் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது. இழுக்கும்போது ஓலையின் ஓரம் விரலைக் கீறும், பிள்ளைகளிடம் கொடுக்கும்போது கவனம்.

போன வருஷக் குருத்தோலை காஞ்சு போச்சு. குப்பையில போடலாமா?

வேண்டாம், அது மந்திரித்த பொருள். திருநீற்றுப் புதனுக்கு முன்பு கோவிலில் கொடுத்துவிடுங்கள். அதை எரித்துத்தான் நெற்றியில் பூசும் சாம்பல் தயாராகிறது. கொடுக்கத் தவறினால் வீட்டிலேயே எரித்துச் சாம்பலைச் செடி வேரில் போடலாம்.

பெரிய வியாழன் ராத்திரி ஏழு கோவில் போகணும்னு பாட்டி சொல்றாங்க. கட்டாயமா?

கட்டாயம் இல்லை, பழைய பக்தி முயற்சி. பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள் அது. அன்று மாலைப் பூசையில் குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். பூசை முடிந்ததும் நற்கருணையை, அதாவது இயேசுவின் உடலாக வணங்கும் அப்பத்தை, பவனியாகக் கொண்டுபோய்ப் பூவால் அலங்கரித்த வேறொரு பீடத்தில் வைப்பார்கள். கைதாகும் முன் கெத்சமனித் தோட்டத்தில் “ஒரு மணி நேரம் விழித்திருக்கக் கூடாதா” என்று இயேசு கேட்டதை நினைத்து நள்ளிரவுவரை மக்கள் முறை வைத்து ஜெபிப்பார்கள். ஒவ்வொரு கோவிலாகப் போய் அந்தப் பீடத்தைச் சந்திப்பதுதான் பாட்டி சொல்வது.

புதுச்சேரியில் இது வசதி. மிஷன் வீதியில் 1791-இல் கட்டப்பட்ட ஜென்மராக்கினி மாதா பேராலயம் (சம்பா கோவில்), ரயில் நிலையம் பக்கம் 1907-இல் கட்டி முடித்த இருதய ஆண்டவர் பசிலிக்கா, கடற்கரைப் பக்கம் 1855-இல் வந்த கப்ஸ் கோவில், மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். ஏழு எண்ணிக்கைக்காக ஓடிக்கொண்டே இருப்பதைவிட மூன்றில் உட்கார்ந்து ஜெபிப்பது நல்லது.

வியாழனுக்குப் பிறகு கோவில் மணியே கேக்கலையே, ரிப்பேரா?

இல்லை. பெரிய வியாழன் பூசையில் “உன்னதங்களிலே” பாடும்போது எல்லா மணியும் ஒலிக்கும். அதோடு நிறுத்திவிட்டு, சனி இரவு ஈஸ்டர் வழிபாடான திருவிழிப்பில் அதே பாட்டு வரும்போதுதான் மறுபடி அடிப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். துக்க வீட்டில் மேளம் எடுக்க மாட்டோம் இல்லையா, அதே உணர்வுதான்.

பிரான்சில் பிள்ளைகளுக்கு இதையே கதையாகச் சொல்வார்கள்: மணிகள் எல்லாம் ரோமுக்குப் பறந்து போய்விட்டன, ஞாயிறு காலை திரும்பி வரும்போது தோட்டத்தில் முட்டையும் சாக்லேட்டும் போட்டுவிட்டுப் போகும் என்று. பிரெஞ்சுத் தொடர்புள்ள புதுச்சேரி வீடுகளில் செடிகளுக்கு நடுவே பிள்ளைகள் முட்டை தேடுவதைப் பார்த்திருந்தால், காரணம் இந்த மணிக்கதை.

பெரிய வெள்ளிக்கு வாழ்த்து சொல்லலாமா? ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

“ஹேப்பி” வேண்டாம். அது இயேசு இறந்த நாள். வருடத்தில் பூசை நடக்காத நாளும் அதுதான். பிற்பகல் மூன்று மணியை ஒட்டி பாடுகளின் வரலாறு வாசிப்பும் சிலுவை முத்தி செய்வதும் இருக்கும். காலையிலோ மாலையிலோ இயேசு சிலுவை சுமந்த வழியைத் தியானிக்கும் பதினான்கு நிலைகளுடன் சிலுவைப்பாதை. பல பெண்கள் அன்று பூ வைத்துக்கொள்வதில்லை. சில பங்குகளில் வழிபாடு முடிந்ததும் கஞ்சியோ மோரோ கொடுப்பார்கள். கிறிஸ்தவ நண்பருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமை “ஈஸ்டர் வாழ்த்துகள்” சொல்லுங்கள், அதுதான் பொருத்தம்.

நான் இந்து. வீட்டுக்காரர் குடும்பத்தோட சனிக்கிழமை ராத்திரி பூசைக்குப் போறேன். என்ன நடக்கும், நான் என்ன பண்ணணும்?

தாராளமாகப் போங்கள். வருடத்திலேயே அழகான வழிபாடு அது. முதலில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். கோவிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பெரிய பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். அந்தத் திரியில் ஒரு சிலுவை, கிரேக்க அகரவரிசையின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும், அந்த வருடத்தின் நான்கு எண்கள், ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகள் இருக்கும். “கிறிஸ்துவின் ஒளி இதோ” என்று மூன்று இடங்களில் நின்று பாடியபடி உள்ளே கொண்டுபோவார்கள். அந்தத் தீயிலிருந்தே ஒருவர் மாற்றி ஒருவர் கையிலுள்ள மெழுகுதிரியை ஏற்றிக்கொள்வோம். திரிக்குக் கீழே ஒரு காகிதக் கப்பைச் செருகிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சூடான மெழுகு விரலிலும் பட்டுப் புடவையிலும் சொட்டும். ஏற்றிய திரியைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, ஏற்றாத திரியைச் சாய்த்துப் பற்றவையுங்கள்.

பிறகு வாசகங்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு உண்டு, சில இடங்களில் குறைப்பார்கள், ஆனால் செங்கடலைக் கடந்த வாசகத்தை விட மாட்டார்கள். நாற்பது நாள் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயா அன்றுதான் திரும்ப வரும். தண்ணீர் மந்திரித்து எல்லோர் மேலும் தெளிப்பார்கள். நற்கருணை வாங்கும் நேரத்தில் மட்டும் நீங்கள் இடத்திலேயே இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நேரம் ஆகும், பிள்ளைகளுக்குச் சாயங்காலமே சாப்பாடு கொடுத்துவிடுங்கள்.

முட்டைக்கும் இயேசுவுக்கும் என்ன சம்பந்தம்?

மேலே சொன்னபடி தவக்காலத்தில் முட்டை விலக்கு இருந்தது. ஆனால் கோழி நோன்பு இருக்குமா? நாற்பது நாளில் சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டரன்று விருந்தாகவும் அன்பளிப்பாகவும் ஆயின. அதோடு அடையாளமும் பொருந்தியது: அடைத்த கல்லறைபோல வெளியே ஓடு, உள்ளே உயிர். கீழைத் திருச்சபைகளில் கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்துச் சிவப்புச் சாயம் மட்டுமே ஏற்றும் வழக்கம் இன்றும் உண்டு.

கடையில விக்கிற கலர்ல பயம். வீட்டுப் பொருள்லயே முட்டைக்கு சாயம் ஏத்தலாமா?

பெரிய வெங்காயத் தோல் போதும். பத்துப் பன்னிரண்டு வெங்காயத்தின் காய்ந்த தோலை முக்கால் லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்க விட்டு ஆற வையுங்கள். இரண்டு ஸ்பூன் வினிகர் ஊற்றி, வெள்ளை முட்டைகளை அதிலேயே போட்டுப் பன்னிரண்டு நிமிடம் வேக வையுங்கள். செங்கல் நிறம் வரும். நாட்டுக்கோழி முட்டையில் நிறம் அவ்வளவு எடுக்காது. மஞ்சள் தூள் நல்ல மஞ்சள் தரும். பீட்ரூட்டின் இளஞ்சிவப்பு சீக்கிரம் மங்கும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது இது: வேக வைக்கும் முன் முட்டையின் மேல் ஒரு கொத்தமல்லி இலையை ஈரத்தோடு ஒட்டி, பழைய மெல்லிய வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டிவிடுங்கள். வெந்தபின் பிரித்தால் செங்கல் நிறத்துக்கு நடுவே இலையின் ஒவ்வொரு பல்லும் வெள்ளையாகப் பதிந்திருக்கும். ஆறியதும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும். ஒன்று முக்கியம்: நம் ஊர் ஏப்ரல் வெயிலில் அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. அலங்காரத்துக்கு வைத்ததைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

அப்போ முயல்?

அது ஜெர்மனி பக்கத்திலிருந்து வந்த வழக்கம், 17-ஆம் நூற்றாண்டில் அங்கே எழுதிவைத்த குறிப்பு உண்டு. கோவிலில் அதற்கு இடமில்லை. பேக்கரியில் சாக்லேட் முயல் வாங்கிக் கொடுப்பதில் தப்பும் இல்லை.

ஈஸ்டர் அன்னிக்கு என்ன சமைக்கிறது? எங்க வீட்ல எப்பவும் பிரியாணிதான்.

பிரியாணி நல்லதுதான், பெரும்பாலான வீடுகளில் மதியத்துக்கு அதுவேதான். ஆனால் ஈஸ்டரின் அசல் ருசி காலை இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். திருவிழிப்பு முடிந்து தூங்கி எழுந்து, ஆறு வாரத்துக்குப் பிறகு அடுப்பில் கறி கொதிக்கும் வாசனை வரும்போது வீடே மாறிவிடும். ஆட்டுக்கறிக்கு அர்த்தமும் உண்டு: எகிப்தை விட்டுக் கிளம்பிய இரவில் இஸ்ரயேலர் ஆட்டுக்குட்டியைச் சாப்பிட்டார்கள், இயேசுவை இறைவனின் செம்மறி என்கிறோம். பிரான்சிலும் அன்று ஆட்டுத்தொடைதான் விருந்து.

நம் தாளிப்பு வடகத்தை வைத்து அதையே இங்கே செய்யலாம். பிரெஞ்சுச் சமையற்காரர்கள் வாடுவான் என்று கொண்டாடும் மசாலாவுக்கு மூலம் நம் வீட்டு வடகம்தான். ஒன்றரைக் கிலோ தொடையைக் கத்தியால் அங்கங்கே குத்தி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பூண்டுப் பல்லைச் செருகுங்கள். உதிர்த்த வடகம் மூன்று ஸ்பூன், மிளகு, உப்பு, எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய் சேர்த்துத் தேய்த்துச் சனி மதியமே ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளாட்டுத் தொடை நேராகச் சுட்டால் விறைக்கும். குக்கரில் அரை டம்ளர் தண்ணீரோடு நான்கைந்து விசில் விட்டு, பிறகு இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டுங்கள். மிஞ்சிய சாறைச் சுண்டவைத்து மேலே ஊற்றி ரொட்டியோடு சாப்பிட வேண்டும்.

கிறிஸ்துமஸ்போல முறுக்கு, அதிரசம் என்று டின் டின்னாகப் பலகாரம் சுடுவதில்லை. புனித வாரம் முழுக்கக் கோவிலில் நிற்கும்போது யார் சுடுவது? ஒரு பாயசம் போதும். இன்னொன்று, நீண்ட நாள் கறி தொடாதவர்கள் முதல் நாளே மூன்று வேளையும் கறி எடுக்காதீர்கள், வயிறு தாங்காது.

சனிக்கிழமை மதியமே கறி சாப்பிடலாமா? நோன்பு வெள்ளியோட முடிஞ்சிடுச்சே?

நோன்பைப் பற்றி மேலே சொன்ன சட்டத்தில் சனிக்கிழமை இல்லைதான். ஆனால் இயேசு கல்லறையில் இருக்கும் நாள் அது, முடிந்தவர்கள் வெள்ளியின் நோன்பை அன்றும் தொடரலாம் என்பதே திருச்சபையின் விருப்பம். திருவிழிப்புவரை பொறுங்கள். சமைப்பவர்களுக்கு மட்டும்: உப்பு பார்க்க நாக்கில் வைத்தால் நோன்பு கெடாது, மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சைவம் சாப்பிடற நண்பர்களைக் கூப்பிட்டா என்ன கொடுக்கிறது? முட்டை கூட வேண்டாம்பாங்க.

அவர்கள் முன்னால் தனியாகச் சாம்பார் சாதம் வைத்து ஒதுக்காதீர்கள். காய்கறி பிரியாணி, பலாக்காய்ப் பிரட்டல், பருப்புப் பாயசம் என்று விருந்தாகவே செய்யுங்கள். பாத்திரமும் கரண்டியும் தனியாக வைத்து, அதை அவர்களிடம் சொல்லியும் விடுங்கள், நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். முட்டை அடையாளத்துக்குப் பதில் பிள்ளைகளிடம் ஒரு தொட்டியில் விதை போட்டுக் கொடுக்கலாம். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் பலன் தரும் என்று இயேசு சொன்னது அதற்கே பொருந்தும்.

எனக்குப் பார்த்திருக்கிற பையன் லுத்தரன் சபை. அவங்க எப்படிக் கொண்டாடுவாங்க?

கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் தவக்காலத்தை லெந்து நாட்கள் என்பார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளைப் பற்றிய தியானம் மூன்று மணி நேரம் நடக்கும். ஈஸ்டருக்கு விடியற்காலை ஆராதனைதான் பிரதானம், சில சபைகளில் கல்லறைத் தோட்டத்திலேயே கூடுவார்கள். “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று ஒருவர் சொன்னால் “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று பதில் சொல்லுங்கள், மாமியார் சந்தோஷப்படுவார். விருந்தில் வித்தியாசம் இல்லை.

ஞாயிறோட முடிஞ்சிடுமா? அப்புறம் ஏன் கோவில்ல அந்தப் பெரிய திரி அப்படியே இருக்கு?

ஈஸ்டர் ஐம்பது நாள் விழா. தூய ஆவியார் பெருவிழாவரை பாஸ்கா திரி பீடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், குருவானவர் வெள்ளை உடுப்புப் போடுவார். அதற்குப் பிறகும் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத் திருப்பலிக்கும் அதே திரியை ஏற்றுவார்கள். நாற்பது நாள் ஒடுங்கி இருந்தோம், கொண்டாட்டம் அதைவிட நீளமாகத்தானே இருக்க வேண்டும். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் உறவினர்களைப் பார்க்கப் போகலாம், நிச்சயம் வைக்கலாம், ஏழைகளுக்குச் சாப்பாடு போடலாம்.

நமக்கு இன்னொரு பாக்கியம், வில்லியனூர் லூர்து அன்னைத் திருவிழா ஈஸ்டரை அடுத்தே வருகிறது. 1877-இல் பிரான்சிலிருந்து வந்த மாதா சுரூபம் அங்கே இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். தேர்ப்பவனி அன்று கூட்டம் அதிகம் இருக்கும். வயதானவர்களைக் கூட்டிப்போவதானால் நவநாளில் (விழாவையொட்டிய ஒன்பது நாள் ஜெபம்) ஒரு வார நாள் காலையில் போங்கள், குளத்தங்கரையில் உட்கார இடம் கிடைக்கும்.